டாக் ஃபுட்டோடு முட்டை, மத்தி, பூசணி: ரொம்ப நாள் போட்டுப் பார்த்த பிறகு

"டாக் ஃபுட் விலை ஏறிக்கிட்டே போகுது, பேசாம வீட்டுச் சாப்பாட்டுக்கே மாத்திடலாமா?" என்று நண்பர் கேட்டார். அவருக்கான பதில்தான் இது. முழுசாக மாற்ற வேண்டாம். கிண்ணத்தில் இருப்பதோடு மளிகைக்கடை, மீன்கடைச் சாமான் கொஞ்சம் சேர்க்கலாம். மூட்டை விலை இதனால் பெரிதாகக் குறையாது. கிரேவி பவுச் வாங்குவதை நிறுத்துவதிலும், இன்னும் விலை கூடிய மூட்டைக்குத் தாவாமல் இருப்பதிலும்தான் மிச்சம். அந்த பவுச்சைத் திருப்பி ஈரப்பதம் எவ்வளவு என்று பாருங்கள். பெரும்பாலும் 80 சதவீதத்தை ஒட்டி இருக்கும். அந்தக் காசுக்குப் பாதி வீட்டுக்கு முட்டை வாங்கலாம்.

முதலில் அளவு. வளர்ந்த, கருத்தடை செய்த 20 கிலோ நாட்டு நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,000 கலோரி போதும். அதில் பத்தில் ஒரு பங்குதான் மேல்சேர்க்கை, அதாவது 100 கலோரி. ஒரு வேகவைத்த முட்டையே 70 ஆகிவிடும். அதோடு இரண்டு ஸ்பூன் பூசணி, ஒரு ஸ்பூன் தயிர் என்றால் அன்றைய கணக்கு முடிந்தது. சேர்த்த அளவுக்கு டாக் ஃபுட்டைக் குறைக்கவும் வேண்டும். 100 கலோரிக்கு ஏறக்குறைய 28 கிராம், ஒரு கைப்பிடி. இதைக் குறைக்காமல் "முட்டை போட்டதுல குண்டாயிடுச்சு" என்று முட்டையைத் திட்டுபவர்கள்தான் அதிகம். விலாவைத் தடவினால் எலும்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படவில்லை என்றால் கைப்பிடியைச் சின்னதாக்குங்கள்.

முட்டையை வேகவைத்தே கொடுக்கவும். பச்சை வெள்ளைக்கருவில் உள்ள அவிடின் என்ற புரதம் பயோட்டின் என்ற வைட்டமினைப் பிடித்துக்கொள்ளும், சால்மொனெல்லா கிருமி பயமும் உண்டு. மஞ்சள் பூசணியைத் தோல் சீவி, உப்பில்லாமல் ஆவியில் வேகவைத்து மசித்தால் போதும். மலம் இறுகினாலும் இளகினாலும் அதன் நார்ச்சத்து ஓரளவு சரிக்கட்டும், கலோரியும் சொற்பம்.

இனி மத்தி. இதுதான் எதிர்பாராத லாபம். மலிவு மீன், ஒமேகா-3 தாராளம். சில மாதங்கள் தொடர்ந்து கொடுத்தால் முடியின் பளபளப்பில் வித்தியாசம் தெரியும். செதிலும் குடலும் எடுத்து, குக்கரில் மீன் மூழ்க மட்டும் தண்ணீர் விட்டு, ஒரு விசில் வந்ததும் தீயைக் குறைத்து 20 நிமிடம். உப்பு, புளி, மஞ்சள் எதுவும் வேண்டாம். நடுமுள்ளை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் நசுக்கிப் பாருங்கள். மாவாக உதிர்ந்தால் சரி, நறநறவென்றால் இன்னும் பத்து நிமிடம். பிறகு வெந்த தண்ணீரோடு சேர்த்து மசித்து ஐஸ் ட்ரேயில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்துவிடலாம். ஒரு கட்டி 25 கிராம் வரும், 50 கலோரிக்குள். மத்தி நாளில் முட்டை கிடையாது. பச்சையாகப் போட வேண்டாம். சில மீன்களில் பி1 வைட்டமினைச் சிதைக்கும் நொதி உண்டு, வேகும்போதுதான் அது அழியும். கருவாடு வேண்டவே வேண்டாம், அவ்வளவு உப்பு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம். மீன் விலை எகிறும் என்பதால் அதற்கு முன்பே கொஞ்சம் கட்டி போட்டுவைப்பது நல்லது.

இவ்வளவு புகழ்ந்தாயிற்றா? இனி எரிச்சல். நாய் பொறுக்கித் தின்னும். மீனை மட்டும் வழித்து நக்கிவிட்டு, டாக் ஃபுட் உருண்டைகளை ஒவ்வொன்றாக வாயில் எடுத்து, சப்பி, தரையில் துப்பும். கிண்ணத்தைச் சுற்றி ஈரமாக, முழுசாக, வரிசையாகக் கிடக்கும். பிறகு உட்கார்ந்து நம் முகத்தைப் பார்க்கும். வீட்டில் யாராவது ஒருவர் "பாவம், பிடிக்கல போல" என்று இன்னொரு முட்டையை உடைத்துப் போட்டால் முடிந்தது கதை. அடுத்த வேளையிலிருந்து வெறும் டாக் ஃபுட்டை மோந்துகூடப் பார்க்காது.

மேலே தூவினால் இப்படித்தான் ஆகும். தூவாமல் ஒட்டவைக்க வேண்டும். உருண்டைகளில் கால் டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் விட்டால் வெளிப்புறம் இளகும். அதன்மேல் பூசணி விழுது, அதோடு முட்டை அல்லது மத்தி. கையாலேயே பிசையுங்கள், ஒவ்வொரு உருண்டையிலும் விழுது ஒட்டும்வரை. 20 நிமிடத்தில் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். நம் வெயிலுக்கு ஊறிய தீனி சீக்கிரமே புளித்துவிடும். வாரத்தில் இரண்டு நாள் எதுவும் சேர்க்காமல் வெறும் டாக் ஃபுட். இத்தனையும் செய்தால் பத்தில் எட்டு நாள் கிண்ணம் காலியாகும். மீதி இரண்டு நாள் துப்பும். துப்பட்டும்.

முழு வீட்டுச் சாப்பாடு ஏன் வேண்டாம்? சோறும் கோழியும் மட்டும் என்றால் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. குட்டிக்குக் கால் வளைய அதுவும் ஒரு காரணம். முட்டை ஓட்டுப் பொடி ஒரு டீஸ்பூனில் ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் உண்டு, ஆனால் துத்தநாகம், அயோடின், வைட்டமின் டி, ஈ எல்லாம் அதில் எங்கே? டாக் ஃபுட் தின்னும் நாய்க்கு அந்தப் பொடியும் வேண்டாம். பெரிய இனக் குட்டிகளுக்குக் கால்சியம் கூடினாலும் எலும்பு கெடும். வீட்டுச் சாப்பாடுதான் என்று பிடிவாதமாக இருந்தால் கால்நடை மருத்துவரிடம் அளவு எழுதி வாங்கிக்கொண்டு செய்யுங்கள்.

மீந்த குழம்பை ஊற்றுவது இந்தக் கணக்கிலேயே வராது. வெங்காயமும் பூண்டும் சிவப்பணுக்களை உடைக்கும், வேகவைத்தாலும் விஷம் விஷம்தான். பாயசத்து உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெந்த கோழி எலும்பு ஊசிபோல் பிளந்து குடலைக் குத்தும். பூனை வைத்திருப்பவர்களுக்கு: 4 கிலோ பூனைக்கு மேல்சேர்க்கை 20 கலோரிதான். இறைச்சியிலும் மீனிலும் உள்ள டாரின் என்ற சத்து இல்லாமல் பூனைக்குக் கண்ணும் இதயமும் கெடும், பால்சோறு அதற்கு உணவே இல்லை.

மத்திக்கு ஐந்துக்கு ஐந்து தரலாம். மொத்த ஏற்பாட்டுக்கு இன்றைய மனநிலையில் மூன்றுதான். குக்கர் கேஸ்கெட்டில் ஏறிய மீன் வாடை சோடா உப்புக்கும் போகாது, எலுமிச்சைக்கும் போகாது, மறுநாள் பருப்பில் வரும். நாய்க்கென்று தனி கேஸ்கெட் வாங்கிவிடுங்கள். இருவரும் வேலைக்குப் போகும் அபார்ட்மெண்ட் வீடு என்றால் மத்தியையே மறந்துவிட்டு முட்டையும் பூசணியுமாக நிறுத்திக்கொள்ளுங்கள். நண்பருக்கும் அதையேதான் சொன்னேன்.