விருந்தினர் கடைப் பேச்சு: முதலிலா, கடைசியிலா, கத்தரிக்கோலா?

ஆற்காட்டு மக்கன் பேடாக்காரர் ஒருவரைப் பாட்காஸ்டுக்கு அழைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். "உள்ளே வைக்கிற முந்திரி, திராட்சை பொரிக்கும்போது எப்படிண்ணே வெளியே வராம இருக்கு?" என்று கேட்கிறீர்கள். "நம்ம கடைக்கு வந்து ஒண்ணு சாப்பிட்டுப் பாருங்க தம்பி, தெரியும்" என்கிறார். பதில் போச்சு.

அவரைக் குறை சொல்ல முடியாது. வியாபார நேரத்தில் கடையை விட்டுவிட்டுச் சும்மா வந்து உட்கார்ந்திருக்கிறார். வேலூர் வட்டாரத்தில் ஆம்பூர் செருப்பு, ஆரணிப் பட்டு என்று வருகிற பலருக்கும் விற்க ஏதாவது இருக்கும். அதை எந்த இடத்தில் சொல்ல விடுவது என்பதுதான் கேள்வி.

பலரும் கடைசியில் இரண்டு நிமிடம் ஒதுக்குகிறார்கள். மரியாதையான ஏற்பாடுதான். ஆனால் "சரிங்க, ரொம்ப நன்றி" என்று காதில் விழுந்ததும் கேட்பவர் அடுத்த வேலைக்குப் போய்விடுவார். இது விருந்தினருக்கும் தெரியும். அதனால்தான் நடுநடுவே கடைப் பெயரைச் செருகிக்கொண்டே இருக்கிறார்.

எடிட்டிங்கில் வெட்டிவிடலாம் என்பது இன்னொரு கட்சி. தனி வாக்கியமாக வந்தால் வெட்டலாம். "நம்ம கடையில பாகு காய்ச்சும்போது" என்று தொழில் விவரத்தோடு பின்னி வந்தால் வெட்டின இடம் காதில் இடறும். சொல்லாமல் வெட்டினால் மனஸ்தாபம் வேறு. வேலூர் பெரிய ஊர் ஒன்றுமில்லை, நாளைக்கே காந்தி ரோட்டில் எதிரே வருவார்.

என் ஓட்டு முதலில் சொல்வதற்குத்தான், அதுவும் நடத்துகிறவர் வாயால். கடை எது, எங்கே இருக்கிறது, எதற்குப் பேர்போனது: இரண்டு வாக்கியம் போதும். கேட்பவருக்கு அது அறிமுகம், விருந்தினருக்கு விளம்பரம். ரெக்கார்டிங்குக்கு முன்பே "கடை பேரு, இடம் எல்லாம் நானே சொல்லிடறேண்ணே, அப்புறம் தொழில் மட்டும் பேசுவோம்" என்றால் பாதிப் பதற்றம் அடங்கிவிடும். ஒரு ஆபத்து உண்டு: "மாவட்டத்திலேயே நம்பர் ஒன்" என்று நீங்கள் சொன்னால் அது உங்கள் சான்றிதழ் ஆகிவிடும். அதை அவரே சொல்லட்டும்.

போன் நம்பர், லிங்க் எல்லாம் எபிசோடின் கீழே உள்ள குறிப்பில் போட்டால் போதும். காட்பாடியிலிருந்து பாகாயத்துக்கு பைக்கில் போகிறவர் பத்து இலக்கத்தை எங்கே எழுதிக்கொள்வார்?

பணம் வாங்கிக்கொண்டு பேச வைத்தால் கதையே வேறு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 வழிகாட்டுதல்கள், இப்படிப்பட்ட தொடர்பை வெளிப்படையாகச் சொல்லச் சொல்கின்றன. யூடியூபிலும் பணம் பெற்ற விளம்பரம் இருப்பதாகத் தெரிவிக்க டிக் செய்யும் கட்டம் ஒன்று இருக்கிறது. முதலில் சொல்வதா, கடைசியில் சொல்வதா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இத்தனைக்குப் பிறகும் கடைக்கே திரும்புகிறாரா? கேள்வியை இன்னும் குறிப்பாகக் கேளுங்கள். ஆம்பூர் பிரியாணி மாஸ்டரிடம் "உங்க ருசிக்கு என்ன காரணம்?" என்றால் கடைப் பெயர்தான் வரும். "காய்ந்த மிளகாயை எவ்வளவு நேரம் ஊற வெச்சு அரைப்பீங்க?" என்று கேட்டால் நேரத்தைத்தான் சொல்லியாக வேண்டும்.