மட்டத்தேளுக்கு வாங்கின கிளிப் மூடிப் பெட்டி: ஆறு மாதத்துக்குப் பிறகு

யாழ்ப்பாணம் கொக்குவிலில எங்கட வளவுக்குள்ள பனைமட்டை குவிச்ச இடத்தில ஆப்பிட்ட மட்டத்தேள் ஒண்டை வளர்க்கிறன். இந்தியாவில பூரான் எண்டுவினம். ஆறு அங்குல நீளம், 21 சோடிக் கால்.

முதல்ல அதை விட்டது மீன் வளர்க்கிற கண்ணாடித் தொட்டியில. பெரிய பிழை. வெறும் கண்ணாடியில ஏற அதுக்கு ஏலாது. ஆனா மூலையில சிலிக்கோன் பூசியிருக்குமெல்லோ, அந்தக் கோட்டைப் பிடிச்சு ஒவ்வொரு காலாய் ஊண்டி ஏறி, ஒருநாள் இரவு மூடி இடுக்குக்குள்ள தலையை நுழைச்சுக்கொண்டு நிண்டது. தலை போற இடத்தால முழு உடம்பும் போயிடும். அம்மா அண்டைக்கு நித்திரையே கொள்ளேல்லை.

பேந்துதான் ரவுணில பிளாஸ்ரிக் சாமான் கடையொண்டில, உடுப்பு வைக்கிற, மூடியைக் கிளிப்பால பூட்டுற பெட்டி 1,400 ரூபாய்க்கு வாங்கினன். ஒரே வார்ப்பு, ஒட்டு இல்லை, சுவர் வழுக்கும். 11 அங்குல உயரம். மூண்டு அங்குலத்துக்குத் தும்புத்தூள் போட்டாலும், பின்னங்காலில எழும்பி நிண்டு மூடியைத் தொடாது. உயரம் பாக்காமல் வாங்காதேங்கோ.

மூடியில துளை நீங்கள்தான் போடவேணும். நான் ஊசியைக் காய்ச்சிக் குத்தினன். கூடக் குத்தினாலும் கூடாது. மட்டத்தேளின்ர தோலில மெழுகுப் படை இல்லை, மூச்சுத் துளையளும் மூடாது, உடம்பில தண்ணி கெதியாய் வத்தியிடும். சோளகக் காத்து வீசேக்க கண்ணாடித் தொட்டியில தும்பு ஒரு நாளில காய்ஞ்சது; இதில நாலு நாள் ஈரம் நிக்குது.

குறையும் இருக்கு. நாலாம் மாதம் ஒரு கிளிப் இளகிப் போச்சு, தனியக் கிளிப் குடுக்கமாட்டினமாம். இப்ப மேல செங்கல் ஒண்டு. அதைவிடக் கவலை, பிளாஸ்ரிக் பால்நிறம். கரப்பான் திண்டு முடிய உடம்பை வளைச்சு ஒவ்வொரு காலாய் வாயால இழுத்துத் துடைக்கும், கடைசியில உணர்கொம்பு ரெண்டையும். அவ்வளவு வடிவு. அதை ரோச் லைற் அடிச்சுத்தான் பாக்கவேண்டிக் கிடக்கு.

ஒரு பெட்டிக்கு ஒண்டுதான், ரெண்டை விட்டால் ஒண்டையொண்டு திண்டிடும். சின்னப் பிள்ளையள் உள்ள வீட்டில வேண்டாம். தலைக்குக் கீழ நஞ்சுக் கொடுக்காய் மாறின ஒரு சோடிக் கால் இருக்கு, கடி அதாலதான், தாங்கேலாத நோ. நான் பத்து அங்குலக் குறடு இல்லாமல் கை வைக்கிறேல்லை.

இப்ப ரெண்டு கிழமையாய்ச் சாப்பிடேல்லை, தும்புக்குள்ள புதைஞ்சு கிடக்கு. தோல் கழட்டப் போகுது போல. மூடி திறக்காமல், இரவில பக்கச் சுவரால ரோச் அடிச்சுப் பாத்துக்கொண்டிருக்கிறன்.