வலியைப் பற்றிக் கேட்காதே என்று சொல்லிவிட்டுத் தானே கேட்கும் செயலி

பதினைந்து வயதாகும் என் மகளுக்கு இரண்டு ஆண்டுகளாக வயிற்றுவலி. எடுத்த பரிசோதனைகளில் எல்லாம் குறை ஏதும் இல்லை என்றே வந்தது, வலி மட்டும் போகவில்லை. மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலிக்கு நாள்பட்ட வலி என்று பெயர் என்பதையும், வேறொரு நோயின் அறிகுறியாக இல்லாமல் வலியே நோயாக நிற்கும் நிலைக்கு உலக சுகாதார அமைப்பு நோய்களை வகைப்படுத்தும் ஐசிடி-11 பட்டியலில் தனி இடம் உண்டு என்பதையும் அவளுடைய மருத்துவர்தான் விளக்கினார். மருந்தோடு சேர்த்து, வலியைச் சமாளிக்கக் கற்றுத்தரும் ஒரு கைபேசிச் செயலியையும் பரிந்துரைத்தார். நான்கு மாதங்கள் பயன்படுத்திய பிறகு இந்த மதிப்புரையை எழுதுகிறேன். ஒரு வீட்டின் அனுபவத்தை மட்டும் வைத்து எழுதுவதால் செயலியின் பெயரைக் குறிப்பிடவில்லை.

மூச்சுப் பயிற்சி, தூக்கம், பயமுறுத்தும் எண்ணங்களைச் சோதித்துப் பார்ப்பது என்று, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் வழக்கமாக வரும் பாடங்களே இதிலும் இருக்கின்றன. அவளுக்கு உண்மையில் கைகொடுத்தது வேலையை அளந்து செய்யும் பாடம். வலி குறைந்த நாளில் ஒரு வாரப் பாடத்தையும் ஒரே மூச்சில் படித்துவிட்டு, அடுத்த இரண்டு நாள் படுக்கையில் கிடப்பது அவள் வழக்கம். வலி வரும்வரை செய்து வலி வந்தபின் நிறுத்தாதே, உடம்பு நன்றாக இருந்தாலும் கடிகாரத்தைப் பார்த்து நிறுத்து என்கிறது செயலி. இருபது நிமிடம் படிப்பு, ஐந்து நிமிடம் ஓய்வு. ஒரு கணக்கின் கடைசி வரிக்கு முன்னால் மணி அடித்ததும் பேனாவைத் தூக்கி எறிந்த காட்சியையும் நான் பார்த்தேன், மூன்றாவது வாரத்தில் அவள் ஐந்து நாளும் தொடர்ந்து பள்ளிக்குப் போனதையும் பார்த்தேன்.

ஆனால் இந்தச் செயலியில் என்னை அதிகம் அசைத்தது பெற்றோருக்கான பகுதிதான். வலியைப் பற்றி ஒரு நாளில் எத்தனை முறை விசாரிக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள் என்பது அதன் முதல் வேலை. நான்கைந்து முறை இருக்கும் என்று நினைத்தேன். இரவில் கூட்டிப் பார்த்தபோது பதினொன்று வந்தது. அவள் கண் விழித்ததும் ஒன்று, சாப்பிடும்போது இரண்டு, பள்ளியிலிருந்து வந்து காலணியைக் கழற்றும் முன்பே இன்னொன்று. ஒவ்வொரு கேள்வியும் பிள்ளையின் கவனத்தை வலியின் பக்கம் திருப்புகிறது, கேட்கும் தாயின் முகத்தில் தெரியும் பயத்தையும் பிள்ளை படித்துக்கொள்கிறது என்று செயலி விளக்கியதை மறுக்க எனக்கு வழி இருக்கவில்லை. வலி என்று அவளாகச் சொன்னால் காது கொடுத்துக் கேட்க வேண்டும், மற்றபடி அன்றைய பாடம், தோழிகள், விளையாட்டு ஆகியவற்றைப் பற்றிப் பேச வேண்டும். நாக்கைக் கடித்துக்கொண்டு கழித்த முதல் வாரம் எனக்குத்தான் சிகிச்சை போல இருந்தது.

இவ்வளவையும் எனக்குக் கற்பித்த அதே செயலி, தினமும் மாலை ஏழு மணிக்கு அவளுடைய கைபேசியில் ஒலியெழுப்பி, "இன்று உன் வலி 0 முதல் 10 வரை எவ்வளவு?" என்று கேட்கிறது. இரண்டாம் நாளே அவள் சொல்லிவிட்டாள்: "நீ கேக்குறத விட்டுட்டம்மா, இப்ப இது கேக்குது." தூக்கத்துக்கும் வலிக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடிக்கப் பதிவு உதவும் என்பதை ஏற்கிறேன், ஆனால் அதற்கு நாள்தோறும் ஓர் எண் தேவையா? இந்த அறிவிப்பை மட்டும் நிறுத்தவும் வழியில்லை, நிறுத்தினால் பாடங்களுக்கான நினைவூட்டலும் சேர்ந்து நின்றுவிடுகிறது.

நான்காம் பாடத்தோடு அவள் மூன்று வாரம் செயலியைத் திறக்கவே இல்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு வரைந்தது போன்ற கேலிச்சித்திரங்கள் தனக்கு அவமானமாக இருப்பதாகச் சொன்னாள். பாதியில் விடுவது இவள் ஒருத்தியின் குறையும் அன்று. அமெரிக்காவின் சியாட்டிலில் உளவியலாளர் டோன்யா பலெர்மோவின் குழு உருவாக்கிய வெப்மேப் மொபைல் என்ற இதே வகைச் செயலியை, நாள்பட்ட வலியுள்ள 10 முதல் 17 வயதுவரையிலான 143 பேரை வைத்துச் சோதித்தபோது, செயலி பெற்றவர்களில் சுமார் 30 சதவீதத்தினர் மட்டுமே முழுவதும் முடித்தார்கள். அதிகப் பாடங்களை முடித்தவர்களிடம் வலியும், வலியால் அன்றாட வேலைகள் முடங்குவதும் அதிகமாகக் குறைந்ததும் அந்த ஆய்வில்தான் தெரிந்தது. என் மகளைத் திரும்பக் கொண்டுவந்தது செயலியின் எந்த நினைவூட்டலும் அன்று, இரு வாரத்துக்கு ஒருமுறை மருத்துவமனையின் உளவியலாளர் தொலைபேசியில் பேசிய பத்து நிமிடங்கள்தான். உளவியல் சிகிச்சையை நேரிலோ, தொலைவிலிருந்தோ, இரண்டையும் கலந்தோ அளிக்கலாம் என்கிறது நாள்பட்ட வலியுள்ள குழந்தைகளுக்கான உலக சுகாதார அமைப்பின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல். எங்களுக்குப் பலித்தது கலந்த வழி.

இன்னொரு குறையையும் சொல்ல வேண்டும். அவள் பதிவிடும் எண்கள் வரைபடமாகப் பெற்றோர் கணக்கிலும் தெரிகின்றன, இதை அவளிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. தெரிந்துகொண்ட நாளிலிருந்து தினமும் 3 என்றே போட்டாள், பதினாறு நாளும் ஒரே நேர்கோடு. பதின்வயதுப் பிள்ளையின் நாட்குறிப்பைக் காட்டுவதற்கு முன் அவளுடைய ஒப்புதலைக் கேட்டிருக்க வேண்டும். மனச்சோர்வோ, தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணமோ இருக்கும் பிள்ளைக்கு இந்தச் செயலி போதவே போதாது. அந்த நேரத்தில் இதில் தானாக வரும் ஒரு செய்தியும் ஓர் உதவி எண்ணும்தான் கிடைக்கும், உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

பெற்றோர் பகுதிக்கு ஐந்துக்கு ஐந்து தருவேன், பிள்ளைகளுக்கான பகுதிக்கு மூன்று. இப்போது அறிவிப்புகளை முழுவதுமாக நிறுத்திவிட்டோம். பாடங்களை ஞாயிற்றுக்கிழமை அவளாகத் திறந்து பார்க்கிறாள், மேசை மேல் இருபது நிமிட மணி மட்டும் அடித்துக்கொண்டிருக்கிறது.