திருகோணமலையில் கனேரி வாங்குபவர்கள் கவனிக்க: கொழுத்த குருவியும் "கனேரி மிக்ஸ்" பக்கற்றும்

கூட்டில் பந்து மாதிரி உருண்டு உட்கார்ந்திருக்கும் கனேரியைக் காட்டி, "நல்லாச் சாப்பிட்டு வளர்ந்த குருவி அண்ணன், எவ்வளவு கொழுகொழுன்னு இருக்கு பாருங்க" என்று யாராவது சொன்னால் காசை வெளியே எடுக்காதீர்கள். திருகோணமலை நகரில் செல்லப் பறவைகளும் தீனும் விற்கும் ஓரிடத்தில் எங்களுக்கு அப்படித்தான் குருவி விற்கப்பட்டது. தீனும் அங்கேதான் வாங்கினோம். நோய் வந்தபோது மருந்தும் அங்கிருந்தே வந்தது. கடையின் பெயரை எழுதவில்லை. இதே பேச்சையும் இதே பக்கற்றையும் வேறு கடைகளிலும் சந்திக்கலாம் என்பதால், எதில் ஏமாற்றுகிறார்கள், அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதையே விவரமாக எழுதுகிறோம்.

பக்கற்றில் இருந்து தொடங்குவோம். மேலே மஞ்சள் கனேரியின் படம், "கனேரி மிக்ஸ்" என்ற பெயர், பெரும்பங்கு கனேரி விதைதான் என்ற வாய்ச்சொல். உள்ளே இருந்து 10 கிராம் எடுத்து வெள்ளைத் தாளில் கொட்டி, விதை விதையாகப் பிரித்து நிறுத்துப் பார்த்தோம். கனேரி விதை 2 கிராம்கூட இல்லை. உருண்டையான வெள்ளைச் சிறுதானியம் 4 கிராம். கறுப்பாக மெல்லிசாக இருக்கும் பேயெள்ளு 2 கிராம். உடைத்த சூரியகாந்திப் பருப்பு ஒன்றரைக் கிராம். மிச்சம் தூசியும் வெறும் கோதும்.

இந்தப் பிரிப்பை யாரும் வீட்டில் செய்யலாம். கனேரி விதை இரு முனையும் கூராக, வைக்கோல் நிறத்தில், மினுமினுப்பாக இருக்கும். நீளம் ஏறத்தாழ 5 மில்லிமீற்றர். லவ் பேர்ட்ஸுக்குப் போடும் தினையும் வெள்ளைச் சிறுதானியமும் உருண்டை. ரேப் விதை பார்வைக்குக் கடுகுதான். ஒரு பிடியை மூக்கருகே கொண்டுபோய் மணந்தும் பாருங்கள். நல்ல விதையில் காய்ந்த புல்லின் மணம் இருக்கும். காறல் வாடை வந்தால் எண்ணெய் விதைகள் பழுதாகிவிட்டன என்று அர்த்தம். பூஞ்சண வாடை வந்தால் அந்தப் பக்கற்றை எந்தப் பறவைக்கும் போடக்கூடாது. வாடைக்காற்றுக் காலத்து ஈரத்தில் திறந்த சாக்கில் வைத்து விற்கும் தீனில் இந்த வாடை சாதாரணம். சந்தேகம் இருந்தால் ஈரத் துணியில் 100 விதை முளைக்கப் போடுங்கள். நல்ல சரக்கில் பெரும்பாலானவை சில நாளில் முளை காட்டும். பாதிகூட முளைக்காவிட்டால் அது பழைய சரக்கு.

ஏன் இப்படிக் கலக்கிறார்கள்? கனேரி விதை இறக்குமதிச் சரக்கு. உலகில் மிக அதிகமாக அதை விளைவித்து ஏற்றுமதி செய்வது கனடா. அவ்வளவு தூரத்தில் இருந்து வருவதற்கு விலை கூட. மலிவான சிறுதானியத்தால் நிறையைக் கூட்டிவிட்டு, குருவி ஆசையோடு சாப்பிடட்டும் என்று எண்ணெய் விதையையும் சேர்த்தால் வாடிக்கையாளர் திரும்பி வருவார். "என்ன ஆசையாச் சாப்பிடுது" என்று நாமே சொல்வோம்.

ஆபத்து அந்த ஆசையில்தான் இருக்கிறது. கனேரி விதையில் கொழுப்பு ஏறத்தாழ 6 சதவீதம். பேயெள்ளில் 35 முதல் 40 சதவீதம், கோது நீக்கிய சூரியகாந்திப் பருப்பில் 50 சதவீதம் வரை. குருவி கிண்ணத்தைக் கிளறி எண்ணெய் விதையை முதலில் பொறுக்கும், சிறுதானியத்தைத் தள்ளிவிடும். கிண்ணம் குறைந்துவிட்டதென்று நாம் புதுத்தீன் போட, மறுபடியும் எண்ணெய் விதை மட்டும் உள்ளே போகும். அதாவது பக்கற்றில் மூன்றில் ஒரு பங்காக இருந்த கொழுப்பு விதை, வயிற்றில் முக்கால் பங்காகிவிடும். 20 கிராம் இருந்த கனேரி இப்படித்தான் 27 கிராமுக்குப் போனது. பறப்பது குறைந்தது, பாட்டு நின்றது, கச்சான் வீசும் மத்தியானத்தில் அலகைத் திறந்தபடி மூச்சு வாங்கியது. கடையில் கேட்டதற்கு "இறகு உதிர்க்கிற காலம், அதான் பாடல்ல" என்றார்கள். கூட்டுத் தட்டில் ஓர் இறகுகூடக் கிடக்கவில்லை.

நிறையை எப்படி அறிவது என்பதை ஒவ்வொரு கனேரி வீடும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். சாதாரண கனேரி 15 முதல் 25 கிராமுக்குள் இருக்கும். குளொஸ்டர் போன்ற சிறு வகைகள் கீழ்ப்பக்கமும் யோர்க்‌ஷயர் போன்ற நெடிய வகைகள் மேல்பக்கமும் நிற்கும். அதனால் அட்டவணையைவிட, உங்கள் குருவி சுகமாக இருந்தபோது காட்டிய நிறைதான் சரியான அளவுகோல். நகை நிறுக்கும் சிறிய டிஜிட்டல் தராசு, 0.1 கிராம் காட்டக்கூடியது, போதும். சமையலறைத் தராசு சரிவராது. காற்றுத் துளையிட்ட சிறு அட்டைப்பெட்டியைத் தராசில் வைத்துப் பூச்சியமாக்கி, காலையில் தீன் போடுமுன் குருவியை உள்ளே விட்டு நிறுங்கள். வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில். 20 கிராம் குருவியில் 2 கிராம் குறைவது பத்திலொரு பங்கு உடம்பு போனதற்குச் சமம். அன்றே வைத்தியரிடம் போக வேண்டிய நிலை அது.

தராசைவிட ஒருபடி மேலானது நெஞ்செலும்பு. குருவியின் முதுகு உள்ளங்கையில் படும்படி, கழுத்தைச் சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் மெதுவாக வைத்துப் பிடியுங்கள். நெஞ்சை அழுத்தவே கூடாது, பறவை நெஞ்சை அசைத்துத்தான் மூச்சு விடுகிறது. நெஞ்சு இறகை வாயால் ஊதி விலக்கினால் நடுவில் எலும்பின் விளிம்பும் இருபக்கத் தசையும் தெரியும். தசை இளஞ்சிவப்பாக, எலும்பு விளிம்பு விரலுக்கு இலேசாகத் தட்டுப்பட்டால் நல்ல நிலை. எலும்பு கத்தி விளிம்பாக நீட்டிக்கொண்டு, இருபக்கமும் குழி விழுந்திருந்தால் மெலிந்த குருவி. எலும்பைத் தேட வேண்டியிருந்து, நெஞ்சிலும் அடிவயிற்றிலும் தோலுக்கடியில் மஞ்சள் கொழுப்புப் படை தெரிந்தால் கொழுப்பு மிஞ்சிவிட்டது. வாங்கும்போது இதைப் பார்க்க விடாத கடையில் குருவி வாங்காதீர்கள்.

இனி எங்களை மிகவும் கோபப்படுத்திய விடயம். கொழுத்துவிட்டது என்று சொன்னதும் வந்த அறிவுரை: "ரெண்டு நாள் சாப்பாட்ட நிப்பாட்டுங்க, தன்னால இளைச்சிரும்." இதைக் கேட்டுச் செய்தால் குருவி செத்துவிடும். இவ்வளவு சிறிய உடம்பு மிக வேகமாகச் சக்தியை எரிக்கிறது; 24 மணி நேரம் வெறும் வயிற்றில் இருப்பதே கனேரிக்கு உயிராபத்து. ஏற்கெனவே ஈரலில் கொழுப்புப் படிந்த குருவிக்குப் பட்டினி இன்னும் கேடு, உடம்பின் கொழுப்பெல்லாம் ஒரேயடியாக ஈரலுக்கு வந்து சேரும். தொழிலாகப் பறவை விற்பவர் வாயில் இப்படியொரு சொல் வரவே கூடாது.

இளைக்க வைப்பது மெதுவான வேலை. வாரத்துக்கு அரைக் கிராமுக்கு மேல் குறையவிடாதீர்கள். பழைய கலவையில் இருந்து கனேரி விதை மிகுந்த கலவைக்கு இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாக மாற்றுங்கள்: முதலில் கால்பங்கு, பிறகு பாதி, பிறகு முக்கால். நாளுக்கு மட்டமாக ஒரு தேக்கரண்டி முதல் ஒன்றரை வரை போதும். பத்தில் எட்டுப் பங்கு கனேரி விதை, ஒரு பங்கு ரேப் விதை, மிச்சம் ஆளிவிதையும் சிறு அளவு பேயெள்ளும். சூரியகாந்தி தேவையே இல்லை. பின்னேரம் கிண்ணத்தை எடுத்து மேலாக ஊதுங்கள். குருவி விதையை உரித்துத் தின்றுவிட்டுக் கோதைக் கிண்ணத்திலேயே விட்டுவிடும். நிறைந்திருப்பதாகத் தெரிகிற கிண்ணத்தில் வெறும் கோது மட்டும் இருந்து, அதனாலேயே பட்டினியில் சாகும் குருவிகள் உண்டு. கழுவிய பொன்னாங்காணி, துருவிய கரட், வெள்ளரித் துண்டு ஏதாவதொன்று தினமும் கொடுங்கள்; மத்தியானத்துக்கு முன் மிச்சத்தை எடுத்துவிடுங்கள், நம்மூர் வெயிலில் சீக்கிரம் புளித்துவிடும். அவகாடோ நஞ்சு. அவித்த முட்டை இறகு உதிர்க்கும் காலத்திலும் குஞ்சு பொரிக்கும் காலத்திலும் நல்லது, மற்ற நாளில் வாரத்துக்கு ஒருமுறை கால் தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். கல்சியத்துக்குக் கடையில் பணம் கொடுக்கத் தேவையில்லை: கடற்கரையில் ஒதுங்கும் கணவாய் ஓட்டை எடுத்து, நல்ல தண்ணீரில் சில நாள் ஊறவைத்து, நாளுக்கொருமுறை தண்ணீர் மாற்றி, வெயிலில் மொறுமொறுப்பாகக் காயவைத்தால் போதும்.

கூடும் முக்கியம். உயரமான வட்டக் கூடு பார்க்க அழகு, பறக்க உதவாது. கனேரி பக்கவாட்டில் பறக்கிற பறவை. குறைந்தது 60 சென்ரிமீற்றர் நீளம், 90 இருந்தால் நன்று. இருக்கைக் கம்புகள் இரண்டு முனையிலும், நடுவில் வெறும் இடம்.

முறைப்பாடு செய்தபோது வேறொரு குருவியை மாற்றித் தந்தார்கள். அதுவும் உருண்டையாகத்தான் தெரிந்தது. ஊதிப் பார்த்தால் நெஞ்செலும்பு கத்தியாக நின்றது. நிறை 14 கிராம். சுகமான கனேரி 33 பாகை வெயிலில் இறகை உடம்போடு ஒட்டி வைத்திருக்கும். அந்த வெக்கையிலும் இறகை உப்பிக்கொண்டு இருப்பது குளிராலல்ல, நோயால். நாள் முழுக்கத் தீன் கிண்ணத்திலேயே நின்றும் மெலிந்துகொண்டே போவதும், எச்சத்தில் உரித்த விதை முழுதாக வருவதும் சேர்ந்தால், மக்ரோராப்டஸ் என்ற வயிற்றுப் பூஞ்சணத்தை நினைக்க வேண்டும். கொக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணியும் மெலியச் செய்யும். இரண்டையும் புதிய எச்சத்தை நுண்ணோக்கியில் பார்த்தே சொல்ல முடியும், கண்ணால் முடியாது.

அதற்கும் கடையில் ஒரு "மருந்து" இருந்தது: பெயரோ திகதியோ இல்லாத சிறு பொலித்தீன் பையில் மஞ்சள் தூள், தண்ணீரில் கலக்கச் சொன்னார்கள். கேட்டதில் ஒக்சிடெற்ராசைக்ளின் என்றார்கள். அது பக்ரீரியாவுக்கான மருந்து. பூஞ்சணத்தை ஒன்றும் செய்யாது. கணவாய் ஓட்டின் கல்சியம் அந்த மருந்தோடு சேர்ந்தால் உடம்பு அதை உறிஞ்சவும் மாட்டாது. நிறம் மாறிய தண்ணீரைக் குருவி குறைவாகக் குடிக்கும், வெயில் நாளில் அதுவும் ஓர் ஆபத்து. இப்படியான குருவியை மற்றப் பறவைகளிடமிருந்து பிரித்து வையுங்கள். காலையில் கூட்டுத் தட்டில் சுத்தமான தாள் விரித்து, புதிய எச்சத்தை மூடியுள்ள சிறு போத்தலில் எடுத்துக்கொண்டு, குருவியோடு கால்நடை வைத்தியரிடம் போங்கள். சிறு பறவைகளைப் பார்க்கும் வசதி அங்கே இல்லையென்றால் பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவ பீடத்தின் வைத்தியசாலைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். நீண்ட பயணத்தில் தண்ணீருக்குப் பதில் ஈரமான வெள்ளரித் துண்டு கூட்டில் இருக்கட்டும்.

ஏற்கெனவே வாங்கி ஏமாந்தவர்கள் பக்கற்றை எறியாதீர்கள். பற்றுச்சீட்டு, லேபல் தெரியும் படம், பிரித்து நிறுத்த விதைகளின் படம், திகதியோடு எழுதிய நிறைக் கணக்கு, வைத்தியரின் சீட்டு எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடலாம். வாங்கிய நாளில் இருந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போய்ச்சேர வேண்டும். தொலைபேசி இலக்கம் 1977. பற்றுச்சீட்டில் "பறவைத் தீன்" என்று மட்டும் எழுதித் தந்தால் வாங்காதீர்கள். "கனேரி விதை" என்றும் எத்தனை கிராம் என்றும் எழுதச் சொல்லி நின்று வாங்குங்கள்.