வேன் ஃபீஸ் கட்டும் பெற்றோருக்கு: வாசலில் வந்து நிற்கும் வண்டியின் எண்ணைப் பாருங்கள்

தனியார் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்து, வேனுக்கும் பணம் கட்டியிருக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். பணத்தில் மட்டும் ஏமாந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன். மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகளின் தாடையில் நாலு தையல் போட்டிருக்கிறது. மேல்வரிசை முன்பல் ஒன்று பாதி உடைந்துவிட்டது. பால்பல் இல்லை, முளைத்து ஒரு வருடம்கூட ஆகாத நிரந்தரப் பல்.

2024 மே மாதம் சேர்க்கைக்குப் போனபோது, போக்குவரத்துக்கென்று இருந்த ஊழியர் எங்களை மைதானத்துக்கே அழைத்துப் போய் வண்டியைக் காட்டினார். மஞ்சள் வண்டி. உள்ளே தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி, முன்னும் பின்னும் கேமரா எல்லாம் இருந்தன. "ஆர்.டி.ஓ. பார்த்து ஓகே பண்ண வண்டி மேடம். ஆயா கூடவே வருவாங்க, வீட்டு வாசல்ல கையில கொடுத்துட்டுத்தான் போவாங்க" என்றார். வருடத்துக்கு 18,000 ரூபாய், இரண்டு தவணை. நான் வேலைக்குப் போகிறவள், கணவர் வெளியூரில் இருக்கிறார், மாமியாருக்கு முட்டி வலி. எங்களுக்கு அந்த ஆயாதான் முக்கியமாகப் பட்டார். கட்டிவிட்டோம்.

இரண்டு இடத்தில் கவனக்குறைவாக இருந்துவிட்டேன். ரசீதில் 'வேன் கட்டணம்' என்று எங்கேயும் இல்லை. 'இதர சேவைகள்' என்று மட்டும் போட்டிருந்தார்கள். கையெழுத்துப் போட்ட எட்டுப் பக்கப் படிவத்தின் நடுவில், போக்குவரத்து ஏற்பாடு பெற்றோரின் சொந்தப் பொறுப்பு என்று ஒரு வரி இருந்தது. வரிசையில் பின்னால் இருபது பேர் நிற்க, அதை யார் படிக்கிறார்கள்? நான் படிக்கவில்லை. நீங்கள் வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்துவிட்டுக் கொடுங்கள். தரமாட்டேன் என்றால் அப்போதே சந்தேகப்படுங்கள்.

ஜூனிலிருந்து செப்டம்பர் வரை எந்தக் குறையும் இல்லை. காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று வாசலில் வந்து நின்றது ஒரு பழைய வெள்ளை ஆம்னி வேன். கண்ணாடியில் பள்ளியின் பெயரை அச்சடித்த ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஆயா இல்லை. "மஞ்ச வண்டி ஒர்க்‌ஷாப்புக்குப் போயிருக்குங்க, ரெண்டு நாள்ல வந்துரும்" என்றார் டிரைவர். இரண்டு நாள் இரண்டு வாரமானது, தீபாவளி போனது, அரையாண்டுத் தேர்வும் போனது. ஒரு நாள் மழையில் குடையோடு போய் நின்றபோது, அந்தச் சின்ன வண்டிக்குள்ளிருந்த தலைகளை எண்ணினேன். பதினேழு. பைகள் மேலே கேரியரில் கட்டியிருந்தன. இரண்டு பிள்ளைகள் டிரைவர் பக்கத்தில் ஒரே சீட்டில் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கே பள்ளிக்குப் போய்க் கேட்டிருக்க வேண்டும். எல்லோரும் அனுப்புகிறார்களே என்று விட்டுவிட்டேன். அந்த ஒரு நினைப்புக்காக இன்றுவரை என்னை நான் மன்னிக்கவில்லை.

ஜனவரியில் சாலைப் பாதுகாப்பு மாதம் வந்தது. பள்ளியில் பெரிய விழா. போக்குவரத்துக் காவலர் ஒருவர் வந்து பேசினார், பிள்ளைகள் உறுதிமொழி எடுத்தார்கள், ஓவியப் போட்டி வைத்தார்கள். என் மகள் வரிக்குதிரைக் கோடுகளையும் மூன்று விளக்குகளையும் வரைந்து இரண்டாம் பரிசு வாங்கினாள். வீட்டுக்கு வந்து, "முதல்ல வலது பக்கம், அப்புறம் இடது பக்கம், மறுபடி வலது பக்கம்" என்று பாட்டியை நிற்க வைத்துச் சொல்லிக் கொடுத்தாள்.

அதற்கு அடுத்த வாரம்தான் விபத்து. எங்கள் தெரு முனையில் புறவழிச் சாலை போகிறது. மஞ்சள் வண்டி எப்போதும் அடுத்த வளைவில் திரும்பி, எங்கள் பக்கமே வந்து நிற்கும். வெள்ளை வண்டிக்கு அடுத்த டிரிப் இருந்ததால் டிரைவர் எதிர்ப்பக்கத்திலேயே இறக்கிவிட்டுப் போவதை வழக்கமாக்கியிருக்கிறார். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனிடம், "பாப்பாவை ரோட்டைத் தாண்டி விட்டுருடா" என்பாராம். பன்னிரண்டு வயதுப் பையன். அன்றைக்கு அவன் லீவு. மகள் தனியாக இறங்கி, வேனின் முன்பக்கமாகச் சுற்றிக் கடந்திருக்கிறாள். நிற்கும் வண்டியின் முன்னால் கடந்தால், பின்னாலிருந்து முந்தி வரும் வண்டியை எட்டு வயதுப் பிள்ளையால் பார்க்க முடியாது. ஓட்டி வருகிறவராலும் பிள்ளையைப் பார்க்க முடியாது. வலமும் இடமும் பார்க்கச் சொல்லித் தந்தவர்கள் இதைச் சொல்லித் தரவில்லை. பைக்கில் வந்தவர் பிரேக் போட்டுச் சறுக்கி, கைப்பிடி பட்டு, இவள் தார்ச்சாலையில் முகம் குப்புற விழுந்தாள். அந்த மனிதரேதான் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினார். வேன் அதற்குள் போய்விட்டிருந்தது.

மறுநாள் பள்ளிக்குப் போனேன். "அது நம்ம வண்டி இல்லைங்க மேடம், கான்ட்ராக்ட் வண்டி. நீங்களா பேசி வச்சுக்கிட்டது" என்றார் அலுவலகத்தில் இருந்தவர். பணம் உங்கள் கவுண்டரில்தானே கட்டினேன் என்றேன். ரசீதைக் காட்டச் சொன்னார். 'இதர சேவைகள்.' படிவத்தை எடுத்து என் கையெழுத்தைக் காட்டினார். முதல்வர் வெளியே வந்து, "குழந்தை நல்லா இருக்கா இல்லையா, அது போதும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் மேசைக்குப் பின்னால் சுவரில் சாலைப் பாதுகாப்பு விழாவின் படம் மாட்டியிருந்தது. அதில் என் மகளும் இருக்கிறாள்.

அன்று இரவுதான், வண்டி விவரங்களைக் காட்டும் அரசின் எம்பரிவாகன் செயலியில் அந்த வண்டியின் எண்ணைப் போட்டுப் பார்த்தேன். சொந்த உபயோகத்துக்கென்று பதிவான வண்டி. இன்சூரன்ஸ் நவம்பரிலேயே முடிந்திருந்தது. இதைப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இத்தனை மாதம் தினமும் காலையில் அந்த நம்பர் பிளேட்டைப் பார்த்துக் கையசைத்திருக்கிறேன்.

சட்டம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நம்பர் பிளேட் வெள்ளையில் கறுப்பு எழுத்தாக இருந்தால் சொந்த உபயோக வண்டி. மஞ்சளில் கறுப்பு எழுத்து என்றால் வாடகைக்கு ஓட்ட அனுமதி பெற்றது. வெள்ளை போர்டு வண்டியில் காசு வாங்கிப் பிள்ளைகளை ஏற்றுவது பர்மிட் இல்லாமல் ஓட்டுவது. மோட்டார் வாகனச் சட்டம் 192ஏ பிரிவின்படி முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், சிறைத் தண்டனையும் உண்டு. அளவுக்கு மேல் ஏற்றிய ஒவ்வொருவருக்கும் 200 ரூபாய் வீதம் தனி அபராதம். அதைவிடப் பெரிய விஷயம் இன்சூரன்ஸ். அது நடப்பில் இருந்தால்கூட, சொந்த வண்டி என்று காட்டிவிட்டு வாடகைக்கு ஓட்டியது தெரிந்தால் கம்பெனி தகராறு செய்யும். அடிபட்ட பிள்ளையின் குடும்பம் நஷ்ட ஈட்டுக்காக அலையும்.

கான்ட்ராக்ட் வண்டி என்றால் பள்ளிக்குப் பொறுப்பில்லை என்பதும் பொய். 1997 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பள்ளி வாகனங்களுக்கு விதித்த நிபந்தனைகளில், வாடகைக்கு எடுத்த வண்டியாக இருந்தால் 'பள்ளிப் பணியில்' என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும் என்றே இருக்கிறது. உதவியாளர் இருக்க வேண்டும், கதவுக்கு நம்பகமான பூட்டு வேண்டும், சீட்டுக்கு அடியில் பை வைக்க இடம் வேண்டும், பெற்றோரோ ஆசிரியரோ கூடப் பயணம் செய்து சரிபார்க்கலாம் என்பதெல்லாம் அதில் உண்டு. கூடப் போய்ப் பார்க்கலாம் என்பது எனக்குத் தெரிந்திருந்தால் அக்டோபரிலேயே ஒரு நாள் லீவு போட்டு ஏறியிருப்பேன்.

அடுத்து அலுவலகங்கள். முதன்மைக் கல்வி அலுவலர் அலுவலகத்தில், "வண்டி விஷயம் ஆர்.டி.ஓ.ம்மா" என்றார்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு வயதான ஊழியர்தான் பொறுமையாகப் பதில் சொன்னார். அவர் சொன்ன ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தப் பதிவே: "எங்க முன்னாடி கொண்டாந்து நிறுத்துற வண்டியைத்தாம்மா நாங்க பார்க்க முடியும்."

ஒவ்வொரு வருடமும் மே மாதம், பள்ளி திறக்கும் முன்பு, போக்குவரத்து, காவல், வருவாய், கல்வித் துறைகள் சேர்ந்து மைதானத்தில் பள்ளி வண்டிகளை வரிசையாக நிறுத்திப் பார்ப்பதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அவசர வழிக் கதவைத் திறந்து பார்ப்பார்கள், தரைப் பலகையைத் தட்டிப் பார்ப்பார்கள். தரைப் பலகையைத் தட்டுவதற்குப் பின்னால் ஒரு குழந்தையின் உயிர் இருக்கிறது. 2012 ஜூலை 25 அன்று தாம்பரம் பக்கத்தில் பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புச் சிறுமி சாலையில் விழுந்து இறந்தாள். சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. அந்த வருடமே பள்ளிப் பேருந்துகளுக்கென்று தமிழ்நாடு அரசு சிறப்பு விதிகள் கொண்டுவந்தது. 2022 மார்ச்சில் சென்னையில் பள்ளி வளாகத்துக்குள்ளேயே வேன் மோதி இரண்டாம் வகுப்புச் சிறுவன் இறந்தான். முன்னும் பின்னும் கேமராவும் சென்சாரும் கட்டாயமானது அதன் பிறகுதான். நமக்கு இருக்கும் ஒவ்வொரு விதியும் யாரோ ஒரு பெற்றோர் அழுத பிறகு வந்தது. அந்த விதிகளுக்கு உட்பட்ட வண்டியை மே மாதம் மைதானத்தில் காட்டிவிட்டு, அக்டோபரில் வேறு வண்டியை அனுப்பினால் என்ன செய்வது?

இதை நிரூபிக்க வேண்டும் என்று பிப்ரவரியில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு மனுப் போட்டேன். வெள்ளைத் தாளில் எழுதி 10 ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். கடந்த மே ஆய்வுக்கு இந்தப் பள்ளி கொண்டுவந்த வண்டிகளின் எண்கள் என்னென்ன என்று ஒரே ஒரு கேள்வி. பதிலில் ஆறு எண்கள். அதற்குள் நானும் வேறு மூன்று அம்மாக்களும் பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நின்று எண்களைக் குறித்திருந்தோம். பிள்ளைகளை ஏற்றிய வண்டிகள் ஒன்பது. அதில் மூன்று வெள்ளை வண்டிகள் அந்தப் பட்டியலில் இல்லை. மஞ்சள் வண்டி ஒர்க்‌ஷாப்புக்குப் போகவே இல்லை, தூரத்து ரூட்டுக்கு மாற்றியிருக்கிறார்கள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

அந்த டிரைவர் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. ஆனால் டிரிப்புக்கு இவ்வளவு என்று பேசி, அரை மணி நேரத்தில் இரண்டு டிரிப் அடிக்கச் சொன்னது யார் என்பதை மறக்க முடியவில்லை.

உங்களிடம் கேட்பது இதுதான். சேர்க்கையின்போது காட்டும் வண்டியை நம்பாதீர்கள். பிள்ளை ஏறும் வண்டியின் எண்ணை நீங்களே செயலியில் போட்டு எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று), இன்சூரன்ஸ் எதுவரை என்று பாருங்கள். எட்டு வருடத்தைத் தாண்டிய வாடகை வண்டிக்கு ஒவ்வொரு வருடமும் எஃப்.சி. புதுப்பிக்க வேண்டும். வண்டி மாறினால் அன்றைக்கே மறுபடி பாருங்கள், குறிப்பாகக் காலாண்டு, அரையாண்டு விடுமுறை முடிந்து திறக்கும்போது. ரசீதில் வேன் கட்டணம் என்று எழுதி வாங்குங்கள். எழுதவில்லை என்றால், கட்டிய அன்றே இது இன்ன வண்டிக்கான பணம் என்று பள்ளிக்கு ஒரு மின்னஞ்சலாவது அனுப்பி வையுங்கள். எனக்கு அப்படி ஒரு தாள் இல்லாததால்தான் கவுண்டரில் வாயடைத்து நின்றேன். எந்தப் பக்கம் இறக்குகிறார்கள் என்பதை ஒரு நாளாவது மறைவாக நின்று பாருங்கள். பிள்ளையிடமும் கேளுங்கள். என் மகள் மூன்று மாதமாகச் சாலையைக் கடந்துகொண்டிருந்தாள். நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நிற்கும் வண்டி கிளம்பிப் போன பிறகுதான் கடக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். புகாருக்குக் கல்வித் துறையின் 14417 இருக்கிறது, குழந்தைக்கு ஆபத்து என்றால் 1098 இருக்கிறது. எதில் சொன்னாலும் புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாலு பெற்றோர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் தனியாகப் போவதைவிட மரியாதை கிடைக்கிறது, இதை நான் கண்ணால் பார்த்தேன்.

எங்கள் புகாருக்குப் பிறகு அந்தப் பள்ளியில் மூன்று வெள்ளை வண்டிகளும் நின்றன. இரண்டாம் தவணைப் பணத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்தார்கள். மருத்துவச் செலவுக்கு ஒன்றும் தரவில்லை. பல்லுக்கு இப்போதைக்கு ஒட்டு வைத்திருக்கிறார்கள், வளர்ந்த பிறகு நிரந்தரமாகச் செய்யலாம் என்கிறார் டாக்டர். மகளை வேறு பள்ளிக்கு மாற்றி, காலையில் நானே ஸ்கூட்டரில் விடுகிறேன். மாலையில் பக்கத்து வீட்டு அக்கா கூட்டி வருகிறார். புறவழிச் சாலைப் பக்கம் போனாலே என் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறாள்.

மூன்று வாரத்துக்கு முன்பு சிக்னலில் அதே வெள்ளை ஆம்னியைப் பார்த்தேன். அதே எண். கண்ணாடியில் வேறொரு பள்ளியின் பெயர் ஒட்டியிருந்தது, உள்ளே பிள்ளைகள். படம் எடுத்து அன்று மாலையே ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் அந்தப் பள்ளியிலும் எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்கியிருக்கிறேன். கூடவே, அந்தப் பள்ளி மே மாதம் காட்டிய வண்டிகளின் பட்டியலையும் கேட்டு மனுப் போட்டாயிற்று. பதில் வர இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.