துண்டு போதாது: கல் அறுக்கும் பட்டறைக்கு எந்தக் கவசம்?

கிரானைட் அறுக்கும் பட்டறையில் மூக்கைச் சுற்றிக் கட்டிய துண்டைப் பார்த்திருப்பீர்கள். கல்லை அறுக்கும்போது எழுந்து நுரையீரலின் அடிவரை இறங்கும் சிலிக்கா தூள் கண்ணுக்கே தெரியாதது. துணியின் இழைகளுக்கு நடுவே தாராளமாகப் புகுந்துவிடும். எனவே துண்டைப் போட்டியிலிருந்தே விலக்கிவிடுகிறேன்.

மிஞ்சுபவை மூன்று: என்95 மாஸ்க், இருபுறமும் வடிகட்டி பொருத்திய ரப்பர் அரைமுகக் கவசம், பேட்டரி விசிறியால் சுத்தமான காற்றை ஊதும் தலைக்கவசம்.

என்95 நுண்துகள்களில் குறைந்தது 95 சதவீதத்தைத் தடுக்கும். ரப்பர் கவசத்தின் பி100 வடிகட்டியோ 99.97 சதவீதம். அப்படியானால் ரப்பர்தானே என்று கடைக்கு ஓடாதீர்கள். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு அமைப்பான ஓஷா இரண்டுக்கும் ஒரே மதிப்பெண்தான் தருகிறது: 10. அதாவது, சரியாகப் பொருந்தினால் வெளியே உள்ள தூசில் பத்தில் ஒரு பங்குதான் உள்ளே வரும் என்று எதிர்பார்க்கலாம். வடிகட்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், கன்னத்தோரத்து இடுக்கு அதைக் கெடுத்துவிடும். தாடி வைத்தவருக்கு இரண்டுமே வீண்.

பொருத்தத்தைச் சோதிக்க, தலைக்கு மேல் உறை போட்டுக் கசப்பு மருந்தைத் தெளிப்பார்கள். நாக்கில் கசந்தால் அந்த அளவு அவருக்கு ஆகாது. ஓஷா விதிப்படி ஆண்டுதோறும் இது கட்டாயம்.

மதிப்பெண் சமமானாலும் என் ஓட்டு ரப்பருக்கே. வியர்வையில் என்95 நைந்துபோகும். ரப்பரைக் கழுவி, வடிகட்டியை மாற்றி நெடுநாள் ஓட்டலாம். பேச்சு தெளிவாகக் கேட்காது, வெயிலில் முகம் புழுங்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஓஷாவின் சிலிக்கா வரம்பு, எட்டு மணி நேரச் சராசரியாகக் கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராம். பட்டறைக் காற்றில் 400 இருந்தால் உள்ளே 40, சமாளிக்கலாம். 1,000 இருந்தால் 100. அரைமுகக் கவசம் தோற்றது. அங்கேதான் விசிறித் தலைக்கவசம். முகத்தை இறுக்காத வகைக்கே மதிப்பெண் 25. தாடி தடையில்லை, பொருத்தச் சோதனையும் வேண்டாம். விலைதான் கசக்கும், பேட்டரிக்குத் தினமும் சார்ஜ் ஏற்றவும் வேண்டும். உலர்வாகத் தேய்க்கும் ஆளுக்கு மட்டுமாவது வாங்குங்கள்.

அதற்கும் முன்னால், அறுக்கும் பிளேடுக்குத் தண்ணீர்க் குழாய் இழுத்துவிடுங்கள். தூசு எழும் இடத்திலேயே அடங்கினால் கவசத்தின் சுமை வெகுவாகக் குறையும். வாங்கிய கவசத்தை இயந்திரத்துக்குப் பக்கத்து ஆணியில் மாட்டாதீர்கள். உட்புறம் தூசு படிந்துவிடும். மூடியுள்ள டப்பா ஒன்று போதும்.