ஷவர் சுவரில் ஒரு ஜன்னல்: அடைப்பதா, சுருக்குவதா, விட்டுவைப்பதா?

குளியலறையைப் புதுப்பிக்கும்போது ஷவருக்கு எந்தச் சுவர் தோதாகத் தெரிகிறதோ, அதில்தான் ஜன்னலும் இருந்து தொலைக்கும். இடுப்புயரத்தில் ஜன்னலின் அடித்திண்டு, முகத்துக்கு நேரே கண்ணாடி. கொத்தனாரைக் கேட்டால் அடைத்துவிடலாம் என்பார். ஜன்னல் செய்பவரைக் கேட்டால் புதிதாக மாற்றிவிடலாம் என்பார். அந்த அறையின் ஈரக்காற்று இப்போது எந்த வழியாக வெளியேறுகிறது என்று இருவருமே கேட்க மாட்டார்கள். பெரும்பாலும் அந்த ஜன்னல் வழியாகத்தான். அதற்கு மாற்று வழி உண்டா என்பதைப் பொறுத்தே எந்த முடிவும் நிற்கும்.

முழுதாக அடைப்பதில் ஆதாயங்கள் வெளிப்படை. டைல்ஸ் தடையில்லாமல் ஓடும், நீர் தேங்க இடமிருக்காது, மறைவைப் பற்றிய கவலை தீரும். வம்பு வருவது பழைய சுவரும் புதுக்கட்டும் சேரும் கோட்டில். சட்டத்தைப் பெயர்த்த இடத்தில் செங்கல்லை வெறுமனே அடுக்கிப் பூசினால், கலவை காய்ந்து சுருங்கும்போது பழைய ஜன்னலின் அளவிலேயே நான்கு பக்கமும் மயிரிழை விரிசல் விழும். வெளிப்புறத்தில் மழைநீர் நுழைய அது போதும். பழைய சுவரின் செங்கற்களோடு பல் போலக் கோத்துக் கட்டி, இணைப்பின் மேல் இருபுறமும் கோழிவலை வைத்துப் பூச வேண்டும். ஜன்னலுக்கு மேலே சுவரின் பாரத்தைத் தாங்கும் உத்தரமான லிண்டலில் கை வைக்கக் கூடாது. மரச்சட்டச் சுவராக இருந்தால் வெளியே மழைத்தடுப்புப் படலமும் உள்ளே வெப்பக்காப்பும் விடுபடாமல் தொடர வேண்டும்.

அடைத்த பிறகு எக்ஸாஸ்ட் ஃபேன் கட்டாயம். குளியலறையில் மணிக்கு 8 முறை காற்று மாற வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. 2 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் உயரம் உள்ள அறையின் கொள்ளளவு 7.2 கன மீட்டர். ஆக மணிக்குச் சுமார் 58 கன மீட்டர் காற்றை ஃபேன் இழுக்க வேண்டும். ஃபேனின் காற்றுக்குழாய் நீண்டு வளைந்து போனால் இழுவை குறையும் என்பதால் கொஞ்சம் பெரியதாகவே வாங்கலாம். குழாயின் மறுமுனை வெளியே திறக்க வேண்டும். பொய்க்கூரைக்கு மேலே விட்டுவிட்டால் ஓதம் அங்கே போய்க் குடியேறும்.

அடுக்குமாடியில் வெளித்தோற்றத்தை மாற்ற அனுமதி கிடைக்காதவர்கள், ஜன்னலை அப்படியே விட்டு உட்புறம் பலகை அடித்து அதன்மேல் டைல்ஸ் ஒட்டுவதுண்டு. இந்தப் பட்டியலில் எனக்குத் துளியும் பிடிக்காதது இதுதான். கண்ணாடிக்கும் பலகைக்கும் நடுவே மூடிய பொந்து ஒன்று உருவாகிறது. ஜன்னலில் கசிவு வந்தாலும், உள்ளே நீர் வேர்த்தாலும் யார் கண்ணிலும் படாது. பூஞ்சை நாற்றம் வரும்போது டைல்ஸை உடைப்பதைத் தவிர வழியில்லை.

வெளிச்சத்தை இழக்க மனமில்லாதவர்கள் கண்ணாடிச் செங்கல் பக்கம் போகிறார்கள். பார்க்க அழகு, மறைவும் கிடைக்கும். ஆனால் அது பாரம் தாங்காது. வெப்பத்தில் விரிய மேற்புறத்திலும் பக்கங்களிலும் சிறு இடைவெளி விட்டு, நெகிழும் பட்டையை வைத்து அடைக்க வேண்டும். காற்றும் போகாது. ஃபேன் செலவு இங்கேயும் மிச்சமாகாது.

என் ஓட்டு நான்காவது வழிக்கு: கீழ்ப்பகுதியை மட்டும் கட்டி அடைத்து, தலைக்கு மேல் ஒரு சிறிய வென்டிலேட்டரை விட்டுவைப்பது. லிண்டல் இருந்த இடத்திலேயே இருக்கும், ஷவரின் நேரடி வீச்சு அங்கே எட்டாது, ஈரக்காற்று மேலே எழுவதால் வெளியேற அதுவே இயல்பான வழி. வெளியே தள்ளித் திறக்கும், மேலே கீல் வைத்த மாதிரி என்றால் தூறலிலும் திறந்து வைக்கலாம். பழைய ஜன்னல் தரைக்கு அருகில் தொடங்கி உயரம் குறைவாக முடிந்திருந்தால் மட்டும் இது சரிவராது.

ஜன்னலை அதே அளவில் விட்டுவைப்பதுதான் முடிவென்றால், கவனம் முழுதும் திண்டில் இருக்கட்டும். அங்கே டைல்ஸ் துண்டுகளைப் பதித்தால் ஒவ்வொரு இணைப்பும் நீர் இறங்கும் வழி. ஒரே பலகையாகக் கல் போட்டு, ஷவர் பக்கம் வாட்டம் கொடுத்து, விளிம்பைச் சுவரைவிடச் சற்று வெளியே நீட்ட வேண்டும். கல்லை ஒட்டும் முன் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். குமிழ் நடுவில் நின்றால் வேலை தவறு. நீர்த்தடுப்புப் பூச்சு திண்டின் அடியிலும் பக்கச் சுவர்களிலும் தொடர்ந்து ஏற வேண்டும். கல்லும் சுவரும் சந்திக்கும் மூலையில் கிரவுட் (டைல்ஸ் இடுக்கை நிரப்பும் கலவை) வெடித்துவிடும், சிலிக்கான்தான் நிற்கும். அதே சிலிக்கானால் யூபிவிசி சட்டத்தின் அடியில் உள்ள சிறு துளைகளை அடைத்துவிடாதீர்கள். சட்டத்துக்குள் புகுந்த நீர் வெளியேற விட்ட வழி அது.

மரச்சட்டம் வேண்டாம். கண்ணாடி டஃபண்ட் ஆக, அதாவது சூடேற்றிப் பதப்படுத்தியதாக இருக்க வேண்டும். உடைந்தால் கத்தி போன்ற சில்லுகளாகாமல் சிறு துணுக்குகளாக உதிரும். பதப்படுத்திய பிறகு அதை வெட்டவோ துளைக்கவோ முடியாது, ஆகவே திறப்பின் இறுதி அளவு தெரிந்த பிறகே ஆர்டர் கொடுங்கள். சொரசொரப்பாக்கிய கண்ணாடியில் இன்னொரு சூட்சுமம்: அந்தச் சொரசொரப்பான முகம் நனைந்தால் கண்ணாடி ஏறக்குறைய தெளிவாகிவிடும். அந்த முகத்தை ஷவர் பக்கம் வைத்தால், மறைவு தேவைப்படும் அதே பத்து நிமிடம் அது கைவிடும்.

மறைப்பு ஒட்டுத்தாளும் பிளாஸ்டிக் திரையும் வாடகை வீட்டுக்கு ஏற்றவை. சுவரை உடைத்துப் பணம் கொட்டும் வேலையில் அவற்றை ஒரு தெரிவாகவே நான் எண்ணுவதில்லை.